கருவிக்கு ஒரு டாலர், யாருக்கு?

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற தன் பாட்டு பிளேயரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை கிட்டத்தட்ட 250 டாலர். விற்கும் ஒவ்வொரு ஸூனுக்கும் ஒரு டாலருக்கு மேல் யுனிவர்சல் மியூசிக் என்ற பெரிய இசை நிறுவனத்துக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். பாட்டு விற்ற காசு வேறு. இது வெறும் கருவிக்கு. யுனிவர்சலின் ஒரு பாட்டைக்கூட நீங்கள் அதில் ஏற்றாவிட்டாலும் அந்தக் காசு போய்விடும்.

இதற்கு யுனிவர்சலின் தலைவர் டக் மோரிஸ் சொன்ன காரணம் எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்தக் கருவிகள் எல்லாம் திருட்டுப் பாட்டைச் சேர்த்து வைக்கும் இடங்கள் என்றார். காசு கொடுத்து வாங்கிய சிடிக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டு, பாட்டுப் பெயர்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிளேயரில் ஏற்றியவன் நான். என்னைப் போல எத்தனையோ பேர். 2007இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணக்குச் சொன்னார்: அவர்களுடைய பிளேயரான ஐபாடு ஒன்றுக்குச் சராசரியாக 22 பாட்டுகள்தான் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் வாங்கப்பட்டவை. மீதி அத்தனையும் திருட்டு என்று எப்படி முடிவு கட்டுவது?

பாட்டுகள் இஷ்டத்துக்குப் பகிரப்பட்டதும், அதனால் சிடி விற்பனை சரிந்ததும் உண்மைதான். கருவிக்குக் கட்டணம் என்பதே தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் 1965 முதலே டேப் ரெக்கார்டருக்கு அப்படி ஒரு கட்டணம் உண்டு. பதிலுக்கு, சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவிலும் 1992இல் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் ரெக்கார்டருக்கு விலையில் 2%, அதில் போடும் வெற்று டேப்புக்கு 3% ராயல்டி. அதற்கு ஈடாக, வீட்டில் தனக்காகப் பதிவு செய்கிறவர்மேல் வழக்குப் போட முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதையும் சட்டமே பிரித்து வைத்தது. ஒலிப்பதிவுக்கான பங்கில், பின்னணியில் வாசித்த, கோரஸ் பாடிய கலைஞர்களுக்கென்று 4% தனியாக ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் ரியோ என்ற எம்பி3 பிளேயர் வந்தது. இசை நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை ஏற்றும் இந்தக் கருவி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராயல்டியும் கிடையாது என்றாகிவிட்டது.

சட்டத்தில் கிடைக்காததை யுனிவர்சல் பேரத்தில் வாங்கிக்கொண்டது. யுனிவர்சலின் பாட்டுகள் இல்லாமல் ஸூனுக்கென்று புதிதாக ஓர் இணையப் பாட்டுக்கடை திறந்து என்ன பயன்? மைக்ரோசாஃப்டும் ஒத்துக்கொண்டது. ஆனால் பழைய சட்டத்தில் காசோடு சேர்ந்து வந்த உரிமை இதில் இல்லை. 2003 செப்டம்பரில் இணையத்தில் பாட்டைப் பகிர்ந்தார்கள் என்று ஒரே நாளில் 261 பேர்மேல் வழக்குப் போட்ட அதே சங்கம், ஸூன் வந்த பிறகும் வழக்குகளை நிறுத்தவில்லை. திருடுவாய் என்று முன்கூட்டியே அபராதம் வாங்கிக்கொண்டு, அதே குற்றத்துக்கு மறுபடி கோர்ட்டுக்கும் இழுக்கலாம் என்றால் இது என்ன நியாயம்?

வருவதில் பாதியைக் கலைஞர்களுக்குத் தருவோம் என்று யுனிவர்சல் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அது நிறுவனம் மனம்வைத்துத் தருவது. 4% அப்படியல்ல, சட்டம் எழுதி வைத்தது.

எனக்கு அந்த ஒரு டாலர் பெரிதில்லை. வாங்கிய பாட்டை என் கருவிகளில் ஏற்றிக் கேட்க உரிமை உண்டு என்று எழுதிக் கொடுங்கள், கோரஸ் பாடியவருக்கும் அதில் பங்கு போகட்டும், இரண்டு டாலராகவே தருகிறேன்.