பால் பொங்கியது மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது

மேடையில் பெரியவர் ஒருவர் பேசும் அந்த மூன்று நிமிட வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "எங்க காலத்துல அடுப்புல பாலை வெச்சிட்டு மறந்தா அம்மா முதுகுல ஒண்ணு வெப்பாங்க, தன்னால சரியாயிடும். இப்ப அதுக்குப் பேரு ஏடிஎச்டியாம்!" என்று அந்தப் பெரியவர் சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறது. கேமரா திரும்புகிறது. கைதட்டுகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

ஐயா, பால் யார் வீட்டில்தான் பொங்கவில்லை? அதை வைத்து எந்த டாக்டரும் யாருக்கும் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைபாடு-துறுதுறுப்புக் கோளாறு, என்று எழுதித் தர மாட்டார். பால் பொங்காமல் இருக்க ஏடிஎச்டி உள்ள ஒருத்தி என்ன பாடு படுகிறாள் என்பதைத்தான் நாங்கள் கேட்கிறோம். நகர்ந்தால் மறந்துவிடும் என்று தெரிந்து அடுப்பை விட்டு அசையாமல் நிற்பாள். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வயிற்றைக் கலக்கும் என்பதால், கிளம்புமுன் அடுப்பை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வாள். ஒன்பது மணி ஆபீசுக்கு எட்டு மணிக்கே போய் உட்கார்ந்திருப்பாள், ஏனென்றால் "சரியான நேரத்துக்குக் கிளம்புவது" என்ற ஒன்று அவள் அகராதியிலேயே கிடையாது. ஒன்று ஒரு மணி நேரம் முன்னால், இல்லை அரை மணி நேரம் பின்னால். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிற வீடு. அந்த ஒழுங்குக்கு அவள் கொடுக்கிற விலையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்கவில்லை. பால் பொங்கியதை மட்டும் பார்த்தீர்கள்.

ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். துணி மடிக்க உட்காருகிறாள். மடித்த டவலை பாத்ரூமில் வைக்கப் போனால் ஷாம்பு தீர்ந்திருக்கிறது. மளிகை லிஸ்டில் குறிக்கலாம் என்று போனை எடுத்தால் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் "நாளை சார்ட் பேப்பர் கட்டாயம்". சார்ட் பேப்பர் பரண்மேல் இருந்த ஞாபகம். ஸ்டூல் தேடிப் போனால் அதன்மேல் போன வாரம் தேடிய மின்சார பில். இரவு பத்து மணிக்குக் கட்டில்மேல் துணி மலை அப்படியே கிடக்கிறது. "ரெண்டு மணி நேரமா என்னதான் பண்ணின?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நிமிடம்கூட அவள் உட்காரவில்லை என்பதுதான் கொடுமை.

இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால் தமிழை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"மணிக்கணக்கா நாவல் படிக்கத் தெரியுது, கரண்ட் பில் கட்ட மட்டும் தெரியலையா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். ஏடிஎச்டியில் கவனம் இல்லாமல் போவதில்லை; ஸ்டியரிங்தான் லூசாக இருக்கிறது. பிடித்த விஷயம் என்றால் சோறு தண்ணி மறந்து மூழ்கிவிடுவாள். முக்கியமான விஷயம், ஆனால் சுவாரசியம் இல்லை என்றால் வண்டி திரும்பவே திரும்பாது. கட்டப் பணம் இருக்கும், கடைசித் தேதி மனப்பாடமாகத் தெரியும். இருந்தும் ஃப்யூஸ் பிடுங்க ஆள் வரும்போதுதான் கை அசையும்.

அடுத்து, எல்லாரும் சொல்வது: "எல்லாம் செல்போனால வந்தது." 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருந்தால்தான் ஏடிஎச்டி என்றே சொல்ல முடியும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு சொல்வது அது. வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். கவனம் சார்ந்த 9 அறிகுறிகளிலோ, துறுதுறுப்பு சார்ந்த 9 அறிகுறிகளிலோ பெரியவர்களுக்குக் குறைந்தது 5 இருக்க வேண்டும். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே 1995-இல்தான். இன்றைக்கு 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 12 வயதில் எந்த போன் ஐயா கெடுத்தது? பக்கத்து வீட்டு லேண்ட்லைனா?

அப்படியானால் சின்ன வயதில் ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? பெஞ்சுமேல் ஏறிக் குதிக்கிற பையனைத்தான் டீச்சர் பார்ப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணால் யாருக்கு என்ன தொந்தரவு? அதே கையேட்டின் 1968 பதிப்பு வரைக்கும் இது குதிக்கிற குழந்தையின் நோய். துறுதுறுப்பே இல்லாமலும் கவனக்குறைபாடு வரலாம் என்று எழுதியது 1980-இல்தான். அதனால்தான் குழந்தைகளில் பையன்கள் அதிகமாகவும், பெரியவர்களில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட நெருங்கியும் தெரிகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் துறுதுறுப்பு இருந்தாலும் அது உள்ளே போய்விடும். உடம்பு சோபாவில் இருக்கும், மனசு கோயம்பேடு மார்க்கெட்டில் நிற்கும்.

இன்னொன்று, இதை மேடையில் யாரும் பேச மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, கவனத்துக்கு உதவும் மூளை ரசாயனமான டோபமினின் வேலையும் தளர்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம், பிரசவத்துக்குப் பிறகு, மாதவிடாய் நிற்கப்போகிற வருடங்கள். இருபது வருடம் எப்படியோ சமாளித்தவள் 44 வயதில் மொத்தமாகச் சரிந்து வந்து நிற்பது இதனாலும் இருக்கலாம். அவளுக்குத் தூக்க மாத்திரையும் "யோகா பண்ணுங்கம்மா"வும் கிடைக்கும். அல்லது மனச்சோர்வு என்று எழுதுவார்கள். பல சமயம் மனச்சோர்வும் கூடவே இருக்கிறது, பொய்யில்லை. மாத்திரையில் அழுகை நிற்கும். துணி மலை நிற்காது. பெண்களுக்கு இது கண்டுபிடிக்கப்படாமல் போகிறது, வேறு பெயர் சூட்டப்படுகிறது என்று இங்கிலாந்தில் டாக்டர்களுக்கான நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2018-இலேயே எழுதிவிட்டது. நம் ஊர் மேடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

"ரீல்ஸ் பார்த்துட்டு ஆளாளுக்கு எனக்கும் இருக்குன்னு கிளம்புறாங்களே?" கிளம்புகிறார்கள்தான். பாதி ரீல்ஸ் குப்பை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்குத்தானே பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் என்ற, பெரியவர்கள் தாங்களே நிரப்பும் படிவத்தில் முதல் 6 கேள்விகளில் குறைந்தது 4-க்கு உங்கள் பதில் நிழலிட்ட கட்டத்தில் விழுந்தால் சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்கள் என்று அர்த்தம். வியாதி உறுதி என்று அர்த்தமில்லை. அதோடு தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12 பார்க்க வேண்டும். குறட்டை உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்க வேண்டும். ரத்தசோகையும் இதே வேஷம் போடும். பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதுகிறவரிடமிருந்தும், பத்து நிமிடத்தில் "உனக்கு ஒண்ணுமில்ல" என்கிறவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்பாக்ஸில் கேட்பீர்கள். ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. சாதா மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். காலை எட்டுக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டோடு முடிந்தது. ஆபீஸ் ஃபைலுக்கு மருந்து உண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் தொடங்கும் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிடையாது! இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றவோ நீண்ட நேரம் நிற்கும் வகையைத் தரவோ வழி இருக்கிறது. நீங்களாக ராத்திரி ஏழுக்குப் போட்டுக்கொண்டால் தூக்கம் போகும். அடோமாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்து வேறு ரகம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிட்டு மருந்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். இரண்டிலும் பிரஷரும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை பீரோவை அடுக்காது. கண்ணில் படாதது அவளுக்கு இல்லாதது. அதனால் மூடிய டப்பாவைத் தூக்கிப்போட்டு கண்ணாடி ஜாடி வாங்குங்கள். அலாரத்துக்கு வெறும் மணி போதாது, "எழுந்திரு, மோட்டாரை நிறுத்து" என்று எழுதி வையுங்கள். புது டைரி மூன்று வாரத்தில் அலுத்துப்போகும். அலுத்தால் வேறு டைரி, அவ்வளவுதான். அதற்காக அழ வேண்டாம்.

மறுபடி அந்த முதுகில் விழுந்த அடிக்கு வருகிறேன், விடமுடியவில்லை. இரட்டையர் ஆய்வுகளில் ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. உயரத்தில் மரபின் பங்குக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். பாலை மறந்த மகளை அடித்த அம்மாவும் அடுப்படியில் இதே அவஸ்தையோடு நின்றவளாக இருக்கலாம். அவளையும் அவள் அம்மா அடித்திருக்கலாம். எதுவும் "தன்னால சரியாயிடல" ஐயா. சத்தம் வராமல் அவஸ்தைப்படக் கற்றுக்கொண்டார்கள். அதற்குத்தான் அரங்கம் கைதட்டியது.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் பழைய ப்ராக்ரஸ் கார்டு இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார்களே, அந்த வரி உதவும். கார்டு எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லையா? பரவாயில்லை, அதையும் அங்கே சொல்லுங்கள்.