ஐந்து இலக்கங்களில் நான்

புதுக் குடியிருப்புக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாடிப்படியில் பார்ப்பவர்களும் கீரைக்காரம்மாவிடம் நிற்பவர்களும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் எல்லாருடைய பேச்சும் ஒரே தடத்தில் ஓடுகிறது.

"சொந்த ஊர் எதுங்க?"

"வேதாரண்யம்."

"ஊருக்குள்ளேயேவா, பக்கத்துக் கிராமமா?"

"ஊருக்குள்ளேதான்."

"எந்தத் தெரு?"

மூன்றாவது கேள்வியில்தான் தூண்டில் முள் கண்ணில் படும். அதற்கும் சிக்காவிட்டால் குலதெய்வம் எது என்று வரும். அதுவும் பலிக்காவிட்டால், "நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்களா?" நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறேன்: "உப்பளத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீடு." அந்த வழியில் எல்லாச் சாதியும் போகும், வரும். கேட்டவர் முகம், பில் போட்ட பிறகு சில்லறை இல்லை என்று தெரிந்த கடைக்காரர் முகம்போல ஆகிவிடும்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் வேறு, "புதிதாக வந்தவர்கள் தங்களைப் பற்றி நான்கு வரி எழுதவும்" என்று போட்டிருந்தார். பெயர், வேலை, பிள்ளைகள், வண்டி எண். எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் ரேஷன் அட்டை மாதிரி இருந்தது. அதில் இருப்பவள் யாரென்று எனக்கே தெரியவில்லை. ஆகவே மிச்சத்தை இங்கே முகநூலில் எழுதுகிறேன்.

நான் வானொலி கேட்பவள். பாட்டுக்காகக் கேட்பவர்கள் உண்டு, செய்திக்காகக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் அடுத்தபட்சம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ பேசுவது, இடையில் கம்பியோ கேபிளோ இல்லாமல், என் வீட்டு மாடிக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான் என் பைத்தியம். சிற்றலை என்று எழுதுவோம், ஷார்ட்வேவ் என்று சொல்வோம். பூமிக்கு மேலே வெகு உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டு வளைந்து திரும்பக் கீழே வரும். தரையில் பட்டு மறுபடி மேலே போகும். தவளைபோலத் தாவித் தாவிக் கண்டம் கடக்கும். பகலில் ஒரு அலைவரிசை நன்றாக எடுக்கும், சூரியன் விழுந்தால் வேறொன்று. வானம் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இது ஆரம்பித்தது 1986இல். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. வீட்டில் ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ. போட்டால் சூடேறிப் பேச ஆரம்பிக்க ஒரு நிமிடம் பிடிக்கும். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றிருந்த காலத்தின் புத்தகமும், அஞ்சலகத்தில் பணம் கட்டிய முத்திரைகளோடு, பெட்டியின் முதுகுப் பக்கமே செருகியிருக்கும். எங்கள் ஊருக்குத் திருச்சியைவிட யாழ்ப்பாணம் கிட்டம். ஆகவே திருச்சி வானொலி கொரகொரவென்று இருக்கும்போது இலங்கை வானொலி பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். ஊரே அதைத்தான் வைத்திருந்தது. நான்தான் ஒருநாள் முள்ளை அதற்கு அப்பால் தள்ளினேன்.

தள்ளினால், ஓர் ஆள் தமிழ் பேசுகிறார். எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, மதுரைத் தமிழ் இல்லை, யாழ்ப்பாணத் தமிழும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து அடுக்கி வைத்த தமிழ். கடைசியில்தான் தெரிந்தது: பெய்ஜிங். சீனாவிலிருந்து 1963 முதல் தமிழில் ஒலிபரப்பு நடந்துவந்திருக்கிறது. அதில் பேசிய சீனர்கள் தமிழ்ப் பெயரும் சூட்டிக்கொண்டிருந்தார்கள். பேசுவதையே எழுதுவதுபோலப் பேசினார்கள். நான் முகநூலில்கூட இப்படிப் புத்தகத் தமிழில் எழுதுவதைச் சிலர் கிண்டல் செய்கிறீர்கள். என்னை மட்டும் சொல்லாதீர்கள், பழியில் பாதி பெய்ஜிங்குக்கு.

கேட்டால் மட்டும் போதாது, கேட்டதை எழுதி அனுப்ப வேண்டும். எந்த நாள், உலகப் பொது நேரத்தில் எத்தனை மணி, எந்த அலைவரிசை, நிகழ்ச்சியில் என்ன சொன்னார்கள் என்று. கேட்டது உண்மை என்று பட்டால் நிலையத்தார் வண்ண அட்டை ஒன்று அனுப்புவார்கள். நாம் எழுதி அனுப்பும் அறிக்கையில் ஐந்து இலக்கங்கள் உண்டு. ஒலியின் வலு எவ்வளவு, பக்கத்து நிலையத்தின் இடையூறு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, அலை ஏறி இறங்குவது எவ்வளவு, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் குறையே இல்லை.

நான் முதல் கடிதத்தில் ஐந்துக்கும் ஐந்து போட்டேன். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வது? பிறகு சேலத்திலிருந்து, இந்தத் துறையில் மூத்த நேயர் ஒருவர் அஞ்சலட்டை எழுதினார். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் நீ கேட்கவே இல்லை என்று அர்த்தம் அம்மா, அவர்கள் உன் பாராட்டுக்காகக் காத்திருக்கவில்லை, ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள் என்று. எழுதி நாற்பது வருடம் ஆகப்போகிறது. அலுவலகத்தில் எனக்குத் தணிக்கைக்காரி என்று பெயர் வந்ததற்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாடு எப்படி என்று யாரும் என்னிடம் கேட்காததற்கும் அந்த அஞ்சலட்டைதான் காரணம்.

முதல் அட்டை வந்தபோது உறையில் "திரு" என்று போட்டிருந்தது. அடுத்ததிலும் அதே. பெண் பிள்ளை எழுதியிருப்பாள் என்று எந்த நாட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. தபால்காரர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, "திருவாளர் இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுப்பார்.

எல்லாரும் அவரைப்போல இல்லை. எண்பதுகளின் பிற்பகுதி. இலங்கையில் போர். எங்களுடையதோ கடற்கரை ஊர். முருங்கை மரத்திலிருந்து தென்னைக்கு ஏரியலாக இழுத்துக் கட்டிய தாமிரக் கம்பி, மாதம் இரண்டு வெளிநாட்டுக் கடிதம், இரவு பதினொரு மணிக்கு விசில் சத்தம் வரும் ஒரு பெட்டி. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மாலை சாதாரண உடையில் ஒருவர் விசாரிக்க வந்தார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் என் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். அவர் ஒவ்வோர் அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொத்தம் 23. கங்காரு படம் போட்டதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். "இதனால் என்ன பிரயோஜனம்?" என்றார். அப்பா, "ஒன்றும் கிடையாதுங்க" என்றார். அது அவருக்கு நம்பும்படியாக இருந்தது போலிருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போனார். கம்பி மட்டும் ஆறு மாதம் இறங்கியே இருந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டிலும் கேட்டார்கள், பொழுதுபோக்கு என்ன என்று. "பாட்டு கேட்பேன் என்று மட்டும் சொல்லு" என்று அம்மா முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். சொன்னேன். மாப்பிள்ளை ஓரமாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கம்பி எத்தனை அடி?" என்றார். "அறுபது" என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை. அவருக்கு வானொலியில் துளி ஆர்வமும் கிடையாது, இன்றுவரை. ஆனால் பார்ப்பதைக் கேட்கிற குணம் உண்டு. அது போதும் என்று நினைத்தேன், தப்பாகப் போகவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் சரஸ்வதி கையில் வீணை இருக்காது, சுவடிதான் இருக்கும். அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்டாள் என்று கதை. வித்தைக்கே அதிபதி, இன்னொருத்தி பேசக் கேட்டுவிட்டுத் தன் வாத்தியத்தை நிறுத்தியிருக்கிறாள். அதே கோயிலில்தான் அடைத்துக் கிடந்த கதவு திறக்க அப்பர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. சம்பந்தர் ஒரே பாட்டில் அதை மூட வைத்தார். சுவாமிக்கு அப்பரின் தமிழ் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கு என்னவோ, அன்று அலை சரியாக எடுக்கவில்லை என்றுதான் படுகிறது.

இனி என் ருசிகள்.

நாதசுரத்தை அடுத்த தெருவிலிருந்து கேட்க வேண்டும். மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, மைக் வைத்து, ஒலிபெருக்கி வழியாகக் கேட்பது அந்த வாத்தியத்துக்குச் செய்யும் அவமானம். திறந்த வெளிக்கென்று பிறந்த குழல் அது. சுவாமி நான்கு வீதி சுற்றி வரும்போது, தெற்கு வீதியில் வாசிப்பது காற்றில் பாதி கரைந்து நம் வாசலுக்கு வருமே, அந்தத் தோடிக்கு ஈடு இல்லை.

கிரிக்கெட்டும் கேட்கத்தான் பிடிக்கும். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாள். பள்ளி விட்டு ஓடி வந்து ரேடியோவைப் போட்டேன். இந்தியாவுக்கு வேண்டியது 348. ரவி சாஸ்திரி ஒரு ஓட்டம் எடுத்து எண்ணிக்கையைச் சமமாக்கினார். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ, இன்னும் ஒரே ஒரு பந்து மிச்சம். 347. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அப்பா பெட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்து அதே காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஏமாற்றமாக இருந்தது. நான் கேட்ட மைதானம் இன்னும் பெரியது.

டீக்கடையில் ஓடும் பாட்டை, பஸ் கிளம்பியதும் பாதியில் விட்டுவிட்டு வருவது எனக்குப் பிடிக்கும். என்ன பாட்டு என்று கைபேசியை நீட்டிக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், சாப்பிட்டு முடிக்கும் முன் இலையை எடுப்பவரைப் பார்ப்பதுபோல இருக்கிறது. காப்பியில் சிக்கரி வேண்டும்; அதைப் பாவம்போலப் பேசுகிறவர்களோடு எனக்குச் சகவாசம் இல்லை. குழம்புக்குக் கல்லுப்பு. இதில் ஊர்ப் பாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மனிதர்களுக்கும் ஐந்து இலக்கம் போடுவது என் கெட்ட பழக்கம். மாமியார் பேசினால் வலு ஐந்து. நாத்தனார் கூடவே பேசுவார், இடையூறு இரண்டு. மிக்ஸி ஓடும், இரைச்சல் ஒன்று. பழைய கதைக்குப் போய்ப் போய்த் திரும்புவார், ஏற்ற இறக்கம் இரண்டு. மொத்தம் இரண்டுதான், ஆனாலும் விடாமல் கேட்கும் நிலையம். வீட்டுக்காரர் வலு இரண்டு, மற்றதெல்லாம் ஐந்து, மொத்தம் நாலு. இரவு தொலைக்காட்சி விவாதம்: வலு ஐந்து, இடையூறு ஒன்று, மொத்தம் ஒன்று. நாலு பேர் ஒரே அலைவரிசையில் ஏறி உட்கார்ந்தால் எந்த நிலையமும் விளங்காது. இது எந்தக் கத்துக்குட்டி நேயருக்கும் தெரியும், நெறியாளர்களுக்குத்தான் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் நடக்கும் சண்டைகளும் அப்படித்தான். ஒரு தலைவர் பேசியதைப் பற்றி எழுநூறு பேர் கருத்து எழுதுகிறார்கள். பேச்சை எத்தனை நிமிடம் கேட்டீர்கள் என்று ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பினால்தான் பதிவாகும் என்று முகநூல்காரர்கள் செய்தால் ஊர் அமைதியாகிவிடும். எனக்கும் எழுத ஒன்றும் இருக்காது, பரவாயில்லை.

2017 ஜனவரியின் கடைசி நாளில் ஆஸ்திரேலிய வானொலி சிற்றலையை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 30இல் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு முடிந்தது. தமிழோசை தொடங்கிய ஆண்டு 1941. அந்த வேளைக்கு ரேடியோவைப் போடும் கை பல நாள் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்கிறார்கள். கிடைக்கிறது. ஐந்துக்கு ஐந்து. நான் என்ன எழுதி அனுப்புவது?

இப்போதும் இரவில் மொட்டை மாடிக்குப் போகிறேன். சீனம் வருகிறது, அரபு வருகிறது, என்ன மொழி என்றே தெரியாதது ஒன்று வந்து அடங்கிப் போகிறது. போன மாதம் காது மருத்துவர் சோதித்துவிட்டு, இடது காதில் உயர்ந்த ஒலிகள் குறைந்திருக்கின்றன என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். நான் எந்த அளவுக்கு மேலே என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். சிற்றலையில் நிலையங்களை நெருக்கி அடுக்குவதால் அவ்வளவு உயர்ந்த ஒலி அதில் வருவதே கிடையாது. எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

தொந்தரவு வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் மாடிக் கதவுக்கு மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் மின்சுற்று அலைவரிசை முழுவதும் வண்டு பறப்பதுபோல இரைகிறது. அது எரிந்தால் இரைச்சலுக்கு ஒன்றுதான் போட முடியும். குழுச் செயலாளருக்கு இதைத் தனியாக அனுப்புகிறேன்: இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை அந்த விளக்கை அணைத்து வைத்தால் உபகாரமாக இருக்கும். நான் டார்ச் வைத்திருக்கிறேன், விழுந்துவிட மாட்டேன். மேலே வந்தால் இன்னொரு நாற்காலியும் இருக்கிறது. எந்தத் தெரு என்று அங்கே வைத்துக் கேட்டாலும் சொல்கிறேன், விளம்பர இடைவேளையில்.