அந்த ‘ஆமென்’ சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒரு ஏழைத் தாயை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. குன்னூரிலிருந்து கூடலூர் வரைக்கும் எல்லார் போனிலும் அந்த வீடியோ சுற்றி முடித்துவிட்டது. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள். அந்த அக்கா தலை குனிந்து நின்றதை இன்னும் நாலு பேர் பார்க்க வேண்டாம். தயவுசெய்து யாரும் கமெண்டில் லிங்க் போடாதீர்கள், போட்டால் அழித்துவிடுவேன்.

அந்தப் பிரசங்கியார் மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் கெட்டது அவரால் இல்லை. “யேகோவா ரஃபான்னு (சுகமாக்குகிற கர்த்தர்னு) வாயால சொல்றே, உள்ளத்துல விசுவாசம் இல்லை, அதான் உன் மகன் இன்னும் படுக்கையிலயே கிடக்கிறான்” என்று ஒரு தாயைப் பார்த்து அவர் மைக்கில் சொன்னபோது, கீழே உட்கார்ந்திருந்த நம் ஜனங்கள் “ஆமென்” என்றார்களே, அதனால். அவர் சமவெளியிலிருந்து வந்தார், மறுநாள் காலையில் காரில் இறங்கிப் போய்விட்டார். ஆமென் சொன்னவர்கள் அந்த அக்கா ஏறும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். அந்த அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் பக்கத்து வரிசையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கர்த்தர் தம்முடைய நாமங்களை நமக்குச் சொன்னது, அவர் யார் என்று தெரிந்து அவரை நம்புவதற்காக. “உமது நாமத்தை அறிந்தவர்கள் உம்மை நம்பியிருப்பார்கள்” என்று 9-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அறிந்தவர்கள் என்று இருக்கிறது, ஐயா. உரக்கச் சொன்னவர்கள் என்று இல்லை.

சரி, யேகோவா ரஃபாவையே எடுத்துக்கொள்வோம். அது எங்கே வருகிறது? யாத்திராகமம் 15-ஆம் அதிகாரம், மாரா என்ற இடம். செங்கடலைத் தாண்டி மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்து வந்த ஜனங்கள், கிடைத்த தண்ணீரும் கசப்பு என்றதும் “என்னத்தைக் குடிப்போம்” என்று மோசேயிடம் முறுமுறுக்கிறார்கள். அங்கே யாருக்கு விசுவாசம் இருந்தது? கர்த்தர் ஒரு மரத்தைக் காட்டுகிறார், மோசே அதைத் தண்ணீரில் போடுகிறான், தண்ணீர் மதுரமாகிறது. முறுமுறுத்த வாய்க்குத்தான் அந்தத் தண்ணீர் போனது. அதற்குப் பிறகுதான் “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்” என்று அவரே சொல்கிறார். பரிகாரி என்றால் சுகமாக்குகிறவர், அதுதான் யேகோவா ரஃபா. அதற்கு முன் அந்த நாமம் அங்கே ஒருத்தர் வாயிலும் இல்லை. விசுவாசமே காட்டாத கூட்டத்துக்கு அவர் இரங்கிச் சொன்ன நாமத்தை எடுத்து, விசுவாசம் போதவில்லை என்று ஒரு தாயின் தலையில் அடித்தால், அந்த அதிகாரத்தை அந்தப் பிரசங்கியார் படித்திருக்கிறாரா என்று நான் கேட்கக் கூடாதா?

“அந்த வசனத்தில் நிபந்தனை இருக்கிறதே, அவர் சத்தத்தைக் கேட்டு நடந்தால் என்று” என ஒரு சகோதரர் உள்பெட்டியில் கேட்டார். இருக்கிறது. கேட்டு நடக்கச் சொல்லியிருக்கிறது, கத்தச் சொல்லவில்லை. அதோடு, நிபந்தனையைச் சொல்வதற்கு முன்பே தண்ணீரைக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் யேகோவாயீரே, ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்ற நாமம். இந்த நாமம் நம் மலையில் படும் பாட்டைச் சொல்லி மாளாது. ஜீப் கண்ணாடியில் இருக்கிறது, வீட்டு முகப்பில் இருக்கிறது, வாக்குத்தத்த அட்டையில் இருக்கிறது. இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் அன்றைக்குப் ஃபாக்டரியில் கொழுந்து போட்ட சீட்டை உயர்த்திப் பிடித்து ஏழு தடவை யேகோவாயீரே சொல்லச் சொன்னாரே அந்தப் பிரசங்கியார், விலை ஏறுமாம். பச்சைத்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலை, ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்தது. இது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் ரஷ்யச் சந்தை கைவிட்டு விலை சரிந்தபோது நம் அப்பா அம்மாக்கள் ஜெபிக்கவில்லையா? முழங்கால் தேய ஜெபித்தார்கள். விலை ஏறவில்லை. செடியைப் பார்க்க முடியாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். போன இடத்திலும் ஜெபித்தார்கள். அவர்களுக்கு அவர் யேகோவாயீரேயாக இல்லாமல் போய்விட்டாரா?

இந்த நாமம் வந்தது ஆபிரகாமிடமிருந்து. அவன் மோரியா மலைக்கு எதையும் வாங்கப் போகவில்லை. கொடுக்கப் போனான். பலியிடச் சொன்ன ஒரே மகன் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு, மூன்றாம் நாளில் தூரத்திலே அந்த இடத்தைப் பார்க்கிற வரைக்கும் நடந்தான். போகும் வழியில் சொல்வதற்கு அந்த நாமம்கூட அவனிடம் இல்லை. “தேவன் பார்த்துக்கொள்வார்” என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது, அதுவும் பையன் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில். ஆட்டுக்கடாவைப் பலியிட்ட பிறகுதான் அந்த இடத்துக்கு யேகோவாயீரே என்று பேரிட்டான். ஈசாக்கையே கொடுக்கத் துணிந்தவனுக்கு அவர் போதுமானவராக இருந்தார் என்பதுதான் அந்த மலையில் நடந்தது. அதை எடுத்து விலைப் பட்டியலில் ஒட்டுகிறோம்.

இனி வரப்போகும் கமெண்டுகள் எனக்குத் தெரியும். முதலில் “அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே.” இதைச் சொல்லித்தான் எல்லார் வாயையும் மூடுகிறார்கள். 105-ஆம் சங்கீதத்தைத் திறந்து மேலே மூன்று வசனம் போய்ப் பாருங்கள். யாரைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறது? “கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாய்” ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்தவர்களை. யாரிடம் சொல்லப்பட்டது? ராஜாக்களிடம். இடமில்லாமல் அலைந்தவர்களைப் பலமுள்ளவர்கள் தொடக்கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு மேடையில் மைக்கோடு நின்றவர் யார், கீழே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர் யார்? அந்த வசனம் அந்த இரண்டு பேரில் யாருக்குப் பாதுகாப்பு?

“அப்போ தேவன் சுகமாக்க மாட்டார் என்கிறீர்களா?” சுகமாக்குவார். கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மேற்கொண்டு இதை விவாதிக்கப் போவதில்லை.

“நாமத்தைச் சொன்னால் பலன் உண்டு என்று சாட்சிகள் இருக்கிறதே.” இருக்கிறது. பவுலுக்கும் சாட்சி இருந்தது. அவர் சரீரத்திலிருந்து கொண்டுபோன துணி பட்டே வியாதி நீங்கினது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல்தான் தன் சரீரத்தில் இருந்த முள், அந்தப் பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். பதில் என்ன? “என் கிருபை உனக்குப்போதும்.” முள் போகவில்லை. அதே பவுல்தான் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். பவுலுக்கு யேகோவா ரஃபா தெரியாதா? நம் மலைக்கே வாருங்கள். 1846-ல் பாசல் மிஷன் என்ற வெளிநாட்டு மிஷனின் ஊழியர்கள் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வந்து தங்கினார்கள். படுகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-ல்தான். நடுவில் அத்தனை வருடமும் அவர்களுக்கு விசுவாசம் குறைச்சல் என்று அன்றைக்கு ஒருத்தர் மைக் பிடித்திருந்தால், கேத்தியில் சபை எழும்பியிருக்குமா?

2009 நவம்பரை எப்படி மறந்தோம்? அதே கேத்தியில் 10-ஆம் தேதி ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அன்று ராத்திரி நாம் எல்லாரும் ஜெபித்தோம். எங்கள் வீடு நின்றது, வேறு வீடுகள் மண்ணுக்குள் போனது. அந்த வீடுகளில் நாமத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று யாராவது அவர்கள் பிள்ளைகளிடம் போய்ச் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். அங்கே சொல்ல முடியாததை, மகனைப் படுக்கையில் வைத்திருக்கும் ஒரு ஏழையிடம் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

இதை நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு. என் அம்மா சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனவர். டயாலிசிஸுக்குக் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு வாராவாரம் இறங்குவோம். விடியாத நேரத்தில் பஸ். இடது முன்கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து பிஸ்டுலா போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் விறுவிறுவென்று ரத்தம் ஓடுவது தெரியும், அது நின்றுவிட்டால் ஆபத்து. குஞ்சப்பனை தாண்டும்போது அம்மா என் விரலை இழுத்து அதன் மேல் வைப்பார். “ஓடுதா பாரு.” ஓடுதும்மா. கொழுந்து எடுத்து எடுத்து விரல் வெடிப்பெல்லாம் கறுப்பாகக் கறை ஏறின கை. வேலையை விட்ட பிறகும் வெகுநாள் அந்தக் கறை போகவில்லை. “என்னைக் காண்கிற தேவன் இதையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு” என்பார். சுகம் வேண்டும் என்று கேட்காத நாளில்லை. சுகம் வரவில்லை. அம்மா அவரை விட்டுவிடவும் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு, எங்கள் வீட்டு வாசலில் எங்கள் டீயையும் வர்க்கியையும் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் விசுவாசமா கேட்டிருந்தா கர்த்தர் கொடுத்திருப்பாரு.” எனக்குக் காது கேட்டது, வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். அந்த நேரத்தில் வாய் வராது.

‘என்னைக் காண்கிற தேவன்’ என்பது அம்மாவுக்கு என் அப்பாயியிடமிருந்து, அப்பாவின் அம்மாவிடமிருந்து வந்தது. அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவானபோது, போகிறாயா என்று அப்பாயியை யாரும் கேட்கவில்லை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்தக் குளிருக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. சூருக்குப் போகிற வழியில் நீரூற்றண்டையில் உட்கார்ந்திருந்த ஆகாரிடம் கர்த்தருடைய தூதன் “எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?” என்று கேட்டதை யாராவது வாசிக்கும்போதெல்லாம் அப்பாயி அழுவார். வேதத்தில் தேவனுக்கு முதன்முதலில் பேர் வைத்தது அந்த ஆகார்தான். ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை. எகிப்திலிருந்து வந்த ஒரு அடிமைப்பெண், வயிற்றில் பிள்ளையோடு ஓடி வந்தவள். அவளுக்கு அன்றைக்கு என்ன கிடைத்தது? திரும்பிப் போய் உன் நாச்சியாரின் (எஜமானியின்) கையின்கீழ் அடங்கியிரு என்றார் அந்தத் தூதன். அவள் ஓடி வந்த வீடு மாறவில்லை, நாச்சியாரும் மாறவில்லை. ஆனாலும் “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று பேரிட்டாள். பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது. அப்பாயிக்கும் போதுமாயிருந்தது, அம்மாவுக்கும் போதுமாயிருந்தது. இவர்கள் விசுவாசத்தை அளக்க யாரிடம் என்ன படி இருக்கிறது?

“இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா, மற்றவர்கள் பார்த்தால் சாட்சி கெடாதா?” சாட்சி கெட்டது ஞாயிற்றுக்கிழமை. நான் எழுதியது செவ்வாய்க்கிழமை.

சபைப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கிறேன், மனசு நொந்துதான் கேட்கிறேன். அந்த வீட்டுக்கு இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறோம்? அந்தப் பையனைத் தூக்கி உட்காரவைக்க அந்த அக்கா தனியாகப் பாடுபடுவதை யார் பார்த்தோம்? யேகோவா நிசி, ‘கர்த்தர் என் கொடி’ என்று பாடுகிறோம். அந்தப் பேர் வந்த நாளில், அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது ஜனங்கள் ஜெயிக்க உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் தளர்ந்துபோனது. தளர்ந்தவனிடம் ஆரோனும் ஊர் என்பவனும் போய் ஏன் தளர்ந்தாய், விசுவாசம் இல்லையா என்று கேட்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகச் சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் கையைத் தாங்கினார்கள். அதற்கப்புறம்தான் மோசே பலிபீடம் கட்டி யேகோவாநிசி என்று பேரிட்டான். நாம் என்ன செய்தோம்? தளர்ந்து நின்ற ஒருத்தியைப் பார்த்து ஆமென் சொன்னோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் அந்த வீட்டுக்குப் போகிறோம். மைக் இல்லை, பிரசங்கம் இல்லை. அன்றைக்கு ஆமென் சொன்னவர்கள் வந்தால் அந்த அக்காவிடம் நேராகப் பேசலாம், வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். பையனை அடுத்த வாரம் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். பின் சீட்டில் படுக்கவைத்துப் போகிற மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், டீசல் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.