பட்டியல் இடம் பூஜ்யம் என்பதை வைத்து முடிவு கட்டலாமா?

2019 தாய்லாந்துத் தேர்தலில் முன்னாள் பிரதமர் தாக்சின் தரப்பின் பியூ தாய் கட்சிக்குப் பட்டியல் இடம் (கட்சி தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து நிரப்பும் இடம்) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஆகவே தாக்சினின் செல்வாக்கு தீர்ந்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். கணக்கைக் கொஞ்சம் பார்க்கணும் சார்.

அந்த முறையில் ஒரே வாக்குச்சீட்டுதான். 350 தொகுதி, 150 பட்டியல். மொத்த வாக்குக்கு ஏற்ப ஒரு கட்சிக்கு எத்தனை இடம் என்று முதலில் கணக்கிட்டு, தொகுதியில் ஜெயித்ததைக் கழித்து, மீதியைத்தான் பட்டியலில் தருவார்கள். சுமார் 71,000 வாக்குக்கு ஓர் இடம். பியூ தாய்க்கு 79 லட்சம் வாக்கு, அதாவது ஏறக்குறைய 111 இடம். தொகுதியிலேயே 136 ஜெயித்துவிட்டது. அப்புறம் பட்டியலில் என்ன வரும்?

இந்தப் பொறியைத் தாண்டத்தான் தாய் ரக்சா சார்ட் என்ற துணைக் கட்சி. பியூ தாய் 250 தொகுதியில் மட்டும் நின்றது. மீதியில் துணைக் கட்சி வாக்குச் சேர்த்துப் பட்டியல் இடம் பிடிக்கும் என்பது திட்டம். மன்னரின் அக்கா இளவரசி உபோல்ரதனாவைத் துணைக் கட்சி பிரதமர் வேட்பாளராக அறிவித்ததில் எல்லாம் கெட்டது (பேராசைதான், வேறென்ன). அரச குடும்பத்தை அரசியலுக்குள் இழுத்ததாகச் சொல்லி மார்ச் 7-இல் நீதிமன்றம் அந்தத் துணைக் கட்சியைக் கலைத்தது. மனுத் தாக்கல் பிப்ரவரி 8-லேயே முடிந்திருந்ததால் மாற்று ஆளும் போட முடியவில்லை.

இன்னொன்று: வாக்குச்சீட்டில் ஒரே கட்சிக்குத் தொகுதிக்குத் தொகுதி வேறு எண்; எண்ணைச் சொல்லி நாடு முழுக்க வாக்குக் கேட்க முடியாது. தாக்சின் ஆதரவுக் கட்சியான பியூ சார்ட்டின் வேட்பாளர்கள் சிலர் தங்கள் பெயரையே தாக்சின், யிங்லக் (அவருடைய தங்கை, அவரும் முன்னாள் பிரதமர்) என்று மாற்றிக்கொண்டது சும்மா இல்லை.

தேர்தலுக்குப் பிறகு ராணுவ ஆட்சித் தலைவர் பிரயுத் பிரதமரானதும் நாடாளுமன்றத்தில் கிடைத்த 500 வாக்கில். அதில் 249 ராணுவ ஆட்சி நியமித்த செனட்டர்களுடையவை.