சார் என்ன சொன்னார்?

(ஊட்டியில் ஒரு கண்ணாடி, பிளைவுட் கடை. டிசம்பர் மாதம், காலை பதினொரு மணி.)

கடைக்காரர்: போர்ட்டிகோவுக்குங்களா மேடம்?

மேடம்: இல்லைங்க, பெட்டிக்கு.

கடைக்காரர்: மீன் பெட்டியா?

மேடம்: காத்துப் பெட்டி. நாலடிக்கு ரெண்டடி. உள்ளே கறுப்புப் பெயின்ட் அடிச்ச தகரம், மேலே கண்ணாடி மாதிரி ஏதாவது மூடணும். வெயில் பட்டா தகரம் காயும். கீழ் ஓட்டையில குளிர்காத்து நுழைஞ்சு, மேல் ஓட்டை வழியா சூடா ரூமுக்குள்ள வரும்.

கடைக்காரர்: புரிஞ்சுது, புரிஞ்சுது. என்ன கார் வெச்சிருக்கீங்க?

மேடம்: காரே இல்லைங்க.

கடைக்காரர்: கார் இல்லாம எதுக்கு மேடம் போர்ட்டிகோ? சார் என்ன சொன்னார்?

மேடம்: எந்த சார்?

கடைக்காரர்: வீட்டுல சார்.

மேடம்: அவர் நல்லா இருக்கார். உங்ககிட்ட என்னென்ன ஷீட் இருக்கு, அதைச் சொல்லுங்க.

கடைக்காரர்: பிளாஸ்டிக்குல அக்ரிலிக் இருக்கு, பாலிகார்பனேட் இருக்கு, அப்புறம் கண்ணாடி இருக்கு. எல்லாம் ஒண்ணுதான் மேடம், பேர்தான் வேற.

மேடம்: அப்படியா? அப்போ விலையும் ஒண்ணா?

கடைக்காரர்: அது... விலை வேறங்க.

மேடம்: சரி, அக்ரிலிக் எப்படி?

கடைக்காரர்: பளிங்கு மாதிரி இருக்கும். உடையாது. சார் பார்த்தா அசந்துடுவார்.

மேடம்: வெளிச்சம் விடும், ஒத்துக்கறேன். நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு பங்கு உள்ளே போகும். ஆனா காத்து ஓடாம அடைச்சுக்கிட்டா பெட்டிக்குள்ள 100 டிகிரி தாண்டும். அக்ரிலிக் அந்தச் சூட்டுக்கு முன்னாடியே இளகிடும். அதுவும் போக, 50 டிகிரி சூடு ஏறினா மீட்டருக்கு மூணரை மில்லிமீட்டர் நீளும். நாலு மூலையிலயும் ஸ்குரூ போட்டு இறுக்கிட்டா எங்கே போய் நீளும்? போன வருஷம் ஒருத்தர் ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டினார். மூணாம் நாள் நடுவுல அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு நின்னுச்சு.

கடைக்காரர்: யாரு மேடம் அது, வெவரம் தெரியாத ஆளு?

மேடம்: இருக்கார் ஒருத்தர். அந்தப் பாலிகார்பனேட்டைக் காட்டுங்க.

(பரணில் இருந்து இறக்குகிறார். ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை யாரோ எப்போதோ உரித்துவிட்டிருக்கிறார்கள்.)

மேடம்: இதுல எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்கணும்?

கடைக்காரர்: ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

மேடம்: இல்லைங்க. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் யுவி பூச்சு, அதாவது வெயிலோட புற ஊதாக் கதிரைத் தடுக்கற பூச்சு இருக்கும். அது எந்தப் பக்கம்னு மேலே ஒட்டின தாள்லதான் அச்சடிச்சிருப்பாங்க. தாள் எங்கே?

கடைக்காரர்: அழுக்கா இருந்துச்சுன்னு பையன் உரிச்சுட்டான். இப்போ பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!

மேடம்: தப்பான பக்கம் திருப்பி வெச்சா கொஞ்ச வருஷத்துல மஞ்சளாயிடும்.

கடைக்காரர்: மஞ்சள் மங்களகரம்தானே மேடம்.

மேடம்: எந்தப் பக்கம்னு சொல்லுங்க.

கடைக்காரர்: சாரை ஒரு நடை வரச் சொல்லுங்களேன். ஆம்பளைங்க தொட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்.

மேடம்: நீங்க தொட்டுப் பாருங்க.

(தொட்டுப் பார்க்கிறார். திருப்பித் தொட்டுப் பார்க்கிறார். இப்படியே ஒரு நிமிடம் ஓடுகிறது.)

கடைக்காரர்: ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மேடம்.

மேடம்: அதை ஓரமா வைங்க.

கடைக்காரர்: அப்போ பாலிஹவுஸ் ஷீட்டு போட்டுக்கங்க, பசுமைக்குடிலுக்கு மூடற பிளாஸ்டிக் தாள். கார்னேஷன் பூவுக்கெல்லாம் அதுதான். 200 மைக்ரான் கனம்.

மேடம்: பூவுக்குச் சரி. பெட்டியில போட்டா ஜூன் மாசக் காத்துல ராத்திரி பூரா படபடன்னு அடிக்கும். அதோட, சூடான தகரம் வெளியே விடற அனலைக் கண்ணாடி தடுத்து நிறுத்தும். இந்த ஷீட்டு போய்ட்டு வாங்கன்னு வழியனுப்பி வைக்கும்.

கடைக்காரர்: இதெல்லாம் சார் சொல்லிக் கொடுத்தாரா?

மேடம்: இல்லைங்க. 1767லேயே சொஸ்யூர்னு ஜெனீவாக்காரர் ஒருத்தர் கண்ணாடி அடுக்கிப் பெட்டி செய்ய ஆரம்பிச்சு, அப்புறம் வெறும் வெயில்லயே தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேலே கொண்டுபோயிருக்கார்.

கடைக்காரர்: பார்த்தீங்களா! அந்த சாரே கண்ணாடிதான் போட்டிருக்கார். இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சே வேண்டாமே.

மேடம்: (நெற்றியைத் தடவிக்கொண்டு) கண்ணாடி காட்டுங்க.

கடைக்காரர்: ஒண்ணு கேக்கறேன் மேடம், தப்பா நினைக்காதீங்க. குளிர் ராத்திரி, வெயில் பகல். ராத்திரி குளிருக்குப் பகல் வெயில் எப்படி உதவும்?

(கடைக்காரர் அன்று கேட்ட உருப்படியான கேள்வி இது ஒன்றுதான்.)

மேடம்: நல்ல கேள்வி. நம்ம ஊர்ல மத்தியானம் வாசல்ல உட்கார்ந்தா ஸ்வெட்டரைக் கழட்டலாம், வீட்டுக்குள்ள போனா மறுபடியும் மாட்டணும். சுவரெல்லாம் பூஞ்சை, பீரோவுல துணி நாத்தம். பகல் பூரா காய்ஞ்ச சூடான காத்து உள்ளே வந்தா முதல்ல அந்த ஈரம் போகும். கருங்கல் சுவர் கொஞ்சம் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். பொழுது சாஞ்சதும் ரெண்டு ஓட்டையையும் மூடிடணும். மறந்துட்டா பெட்டி தலைகீழா வேலை செஞ்சு ரூமைக் குளிர வெச்சுடும்.

கடைக்காரர்: எவ்வளவு சூடு கிடைக்கும்?

மேடம்: உச்சி வெயில்ல 350 வாட்ஸ் சுமாருக்கு. துணி தேய்க்கிற அயர்ன்பாக்ஸ்ல பாதி.

கடைக்காரர்: இவ்வளவுதானா? நாலு கரியை அள்ளி கணப்புல போட்டா முடிஞ்சுது. பாருங்க, என் காலடியில. ராத்திரியும் இதுதான், கட்டிலுக்குக் கீழே.

மேடம்: கதவு, ஜன்னல்?

கடைக்காரர்: கப்புனு சாத்திடுவோம். இல்லைன்னா சூடு நிக்காதே.

மேடம்: அண்ணா, அந்தக் கரியில இருந்து கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, கண்ணு எரியாது. தூங்கறவங்க தூங்கினபடியே போயிடுவாங்க. கணப்பை வெளியே வெச்சுட்டுப் படுங்க. இதுக்கு சாரைக் கேட்க வேண்டாம், நானே சொல்றேன்.

(கடைக்காரர் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார். ஷட்டரையும் இன்னும் ஓரடி உயர்த்துகிறார்.)

கடைக்காரர்: நாலு எம்எம் இருக்கு. சாதாவா, சூளையில போட்டு உறுதியாக்கின டஃபன்டா?

மேடம்: டஃபன்ட். பாதி நிழல் பாதி வெயில்னு விழுந்தா சாதாக் கண்ணாடி விரிசல் விடும். ஓரத்துல இந்தப் பச்சை தெரியுதே, அது இரும்பு. கொஞ்சம் வெயிலைத் தின்னும். பரவாயில்லை.

கடைக்காரர்: டஃபன்ட் பெரிய ஷீட்டா இருக்கு. இப்பவே வெட்டித் தரட்டா?

மேடம்: டஃபன்ட் ஆனப்புறம் வெட்டினா மொத்தமும் உதிர்ந்துடும். அளவு வெட்டின பிறகுதான் அதைச் சூளையில போடுவாங்க.

கடைக்காரர்: ஆமா... ஆமால்ல. அப்போ கோயம்புத்தூருக்குச் சொல்லிதான் வரவழைக்கணும். ஒருதடவை ஆர்டர் போட்டா மாத்த முடியாது மேடம். சார்கிட்ட ஒரு வார்த்தை...

மேடம்: (போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு) ஏங்க, கண்ணாடிக் கடையில நிக்கறேன். பெட்டிக்கு எது வாங்கட்டும்னு உங்களைக் கேக்கறார்.

போனில் குரல்: எல்லாம் ஒண்ணுதானேம்மா. எது சீப்போ அதை வாங்கிட்டு வா.

கடைக்காரர்: (முகம் மலர்ந்து) கேட்டீங்களா! நான் முதல்லயே சொன்னேன். சாரும் அதையேதான் சொல்றார்.

மேடம்: அந்த அப்பளம் இவர் வாங்கினதுதான்.

(கணப்பில் ஒரு கரி மட்டும் சடசடக்கிறது.)

கடைக்காரர்: நாலடி, ரெண்டடி, டஃபன்ட், ஓரம் உரசி. எழுதிக்கிட்டேன். பில்லு சார் பேர்லயா?

மேடம்: பணம் யார் தர்றாங்க?

கடைக்காரர்: நீங்க.

மேடம்: அப்போ?

கடைக்காரர்: 'மேடம்'னு போட்டுடறேன். வியாழக்கிழமை ஆட்டோவுல அனுப்பி வைக்கறேன். ஏழரைக் கிலோ வரும். பிடிச்சு இறக்கணும், சார் வீட்டுல இருப்பாரா?

மேடம்: இருப்பார். நான் இறக்கிக்கறேன், அவர் டீ போட்டுக் கொடுப்பார். ஆட்டோக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் சார்கிட்ட சொல்லிடச் சொல்லுங்க.