சீஹாமையும் சேர்த்துக்கோங்க
கடல் அலை தேச்சு வழுவழுப்பாக்கின கண்ணாடித் துண்டுங்க ஒதுங்குற கரைகள் பத்தின உங்க பதிவைப் படிச்சேன். கலிஃபோர்னியா ஃபோர்ட் பிராக் கண்ணாடி பீச் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா அங்க ஸ்டேட் பார்க் பகுதியில ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது, அதையும் போட்டுடுங்க ப்ளீஸ். இங்கிலாந்து போறவங்க டர்ஹம் பக்கம் சீஹாம்ங்கிற கடலோர ஊருக்குப் போங்க, அங்கயும் இதே மாதிரி கண்ணாடி ஒதுங்கும். 1853லருந்து 1921 வரை அங்க பெரிய பாட்டில் ஃபேக்டரி ஓடுச்சு, மிச்சக் கண்ணாடியெல்லாம் கடல்ல கொட்டிட்டாங்க, அதைத்தான் அலை நூறு வருஷமா கூழாங்கல்லோட போட்டு உருட்டி உருட்டி இப்ப கரையில ஒதுக்குது. நான் போனப்ப தண்ணி உள்வாங்கின நேரம், செம குளிர், ரெண்டு மணி நேரம் குனிஞ்சபடியே தேடினேன். பச்சையும் வெள்ளையும் நிறைய கிடைச்சுது. கடைசியா சுண்டுவிரல் நகம் சைஸ்ல ஒண்ணு, நீலத்துக்குள்ள வெள்ளைக் கோடு, காஞ்சா உப்பு பூத்த மாதிரி மங்கலா இருக்கும், தண்ணில நனைச்சா பளிச்னு உள்ள தெரியும். இன்னும் பர்ஸ்லயே வச்சிருக்கேன்!