நாலு பம்ப் கிரீஸ் அடித்தால் வேலை முடிந்ததா?

போன வாரம் இங்கே டல்லாஸில் நண்பர் ஒருவர் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினார். வாழ்த்து சொல்லிவிட்டு, "பேரிங் எப்போ கழட்டிப் பார்த்தாங்களாம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க? கிரீஸ் நிப்பிள் இருக்கு. வருஷத்துக்கு ஒருதரம் நாலு பம்ப் அடிச்சாப் போதும்னு வித்தவர் சொன்னார்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு விற்றவரும் அதையேதான் சொன்னார். நானும் நம்பினேன். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பேரிங் என்பது சக்கரம் அச்சில் உராயாமல் சுழல உதவுகிற வளையம், கிரீஸ் நிப்பிள் என்பது அதற்குக் கிரீஸ் அடிக்கிற சின்ன முனை. எங்களுடையது 24 அடி, இரண்டு அச்சு, நான்கு சக்கரம். ஓர் அச்சு 3,500 பவுண்டு தாங்கும். இதற்கு எஞ்சின் கிடையாது, ஆனால் நான்கு சக்கரத்திலும் மின்சார பிரேக் உண்டு. கூரை ஒழுகினால் பதறுகிறவர்கள்கூட இந்த பிரேக்கை நினைத்துப் பார்ப்பதில்லை.

முதல் கோடையில் ஆமரில்லோ பக்கம் பாலோ டூரோ கேன்யனுக்குப் போனோம். பூங்காவுக்குள் பள்ளத்தாக்கில் இறங்குகிற சாலை 10 சதவீதச் சரிவு. அதாவது நூறு அடி போனால் பத்து அடி இறக்கம். கியரைக் குறைத்துத்தான் இறங்கினேன். ஆனாலும் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரியே இருந்தது. பக்கத்து சீட்டில் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

கீழே வந்து நிறுத்தியதும் பிரேக் லைனிங் கருகிய வாடை. ஒவ்வொரு சக்கரமாகக் கையைக் கிட்டே கொண்டுபோனேன். மூன்று ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அனல். வலது பின் சக்கரம் மட்டும் பச்சைத் தண்ணீர்போல இருந்தது. சூடான மூன்றும் நல்ல சக்கரங்கள். குளிர்ந்து கிடந்ததுதான் வேலைக்கு ஆகாதது. அது பிரேக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரேக் டிரம்மைக் கழட்டினால் உள்ளே அல்வா கிண்டிய சட்டி மாதிரி ஒரே கிரீஸ். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ முழுக்க ஊறிப்போயிருந்தது. யார் செய்த வேலை? நான் செய்ததுதான். கிளம்புவதற்கு முந்தின வாரம், புதிதாக வாங்கிய பேட்டரி கிரீஸ் கன்னை வைத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்காமலே நாலு சக்கரத்துக்கும் அடித்துத் தள்ளியிருந்தேன்.

நிப்பிள் வழியாகப் போகிற கிரீஸ் அச்சு முனையின் துளைக்குள் ஓடி, உள்பேரிங்குக்கும், கிரீஸ் பிரேக் பக்கம் கசியாமல் தடுக்கிற சீலுக்கும் நடுவில் வெளியே வரும். அங்கிருந்து உள்பேரிங், ஹப்பின் வயிறு, வெளிப்பேரிங் என்று கடந்து முன்னால் பிதுங்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, சுற்றிக்கொண்டே, கைப் பம்பால் நிதானமாக அடித்தால் அப்படித்தான் வரும். அவசரப்பட்டு அழுத்தினால் கிரீஸ் சுலபமான வழியைப் பார்த்துக்கொள்ளும். சீலின் ரப்பர் உதட்டைத் தள்ளிக்கொண்டு நேரே பிரேக்குக்குள் போய்விடும்.

சரி, ஒழுங்காகவே அடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். பேரிங் உருளையில் குழி விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் எவ்வளவு மிச்சம், வயர் நைந்திருக்கிறதா, எதுவுமே கண்ணுக்குத் தெரியாதே! என் கட்சி இதுதான்: கழட்டாமல் செய்கிற சர்வீஸ் சர்வீஸே இல்லை. 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழட்டிப் பாருங்கள். நிப்பிள் இருந்தாலும் கழட்டுங்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் 'ஓவராயில்' பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணன் ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பால்ரஸ் குண்டுகளைக் கொட்டிக் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதைக் கிரீஸில் ஒட்டவைப்பார். டிரெய்லர் பேரிங்கும் அதே வேலைதான், உருவம்தான் வேறு. இதில் குண்டு கிடையாது, கூம்பு மாதிரிச் சரிந்த உருளைகள். ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் வரும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும்.

கிரீஸ் வைப்பதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ். பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் இடியாப்பம் மாதிரிப் பிதுங்கி வரும். அப்படியே சுற்றிச் சுற்றி முழு வட்டமும் வந்தால்தான் உள்ளே நிறைந்ததாக அர்த்தம். மேலே பூசி மெழுகினால் ஏமாற்று வேலை. பழைய கிரீஸ் என்ன ரகம் என்று தெரியாவிட்டால் சுத்தமாகக் கழுவிவிட்டுப் புதிதை வையுங்கள். எல்லாக் கிரீஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சீலை மறுபடி பயன்படுத்தவே கூடாது. சில டாலர் சமாச்சாரம்.

அச்சு முனையில் நட்டு முடுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காரின் சக்கர நட்டுபோல இறுக்கிவிட்டால் பேரிங் வெந்துவிடும். எங்கள் அச்சுக்கு முறை இது: ஹப்பைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு (முறுக்கு விசையின் அளவு) வரை முடுக்கு, பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்து, அப்புறம் விரலால் மட்டும் முடுக்கி, நட்டு கழன்றுவிடாமல் தடுக்கிற காட்டர் பின்னைப் போடு. பின்னும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஊரிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். கையெல்லாம் கிரீஸோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டிக்கு மை போடுறியா?" என்றார். அவர் காலத்தில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் போடுவார்கள். ஆமாம் என்றேன். "கடையாணியச் சரியாப் போட்டியான்னு பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காட்டர் பின்னுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது.

பிரேக் பக்கம் வருவோம். எண்ணெய் ஊறிய ஷூவைப் பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறினால் திரும்பக் கசியும். நான் அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் முழு செட்டாகவே மாற்றினேன். நாலு போல்ட்டு, இரண்டு வயர், அவ்வளவுதான். இடது, வலது வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு மின்காந்தம் சுற்றுகிற டிரம்மோடு ஒட்டி இழுபட்டு, நெம்புகோலைத் தள்ளி ஷூவை விரிக்கும். 10 அங்குல பிரேக்கில் ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும். நான்குக்கும் சேர்த்து 12க்குப் பக்கத்தில் வராவிட்டால் வயரில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக் இல்லையென்றால், 3,000 மைலுக்கு ஒருமுறை பின்னால் இருக்கும் பல்சக்கரத்தைத் திருகி ஷூவின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

கடையில் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். எனக்குச் சொன்ன விலை 700 டாலர், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பணம்கூடப் பெரிதில்லை. முந்தைய உரிமையாளர் 'பேரிங் சர்வீஸ்' என்று போட்ட பில்லைக் காட்டித்தான் விற்றார். நான் கழட்டியபோது அந்தக் காட்டர் பின் துருவேறி நட்டோடு ஒட்டிக் கிடந்தது. ஒருமுறையாவது சொந்தக் கையால் கழட்டியிருந்தால், அடுத்து கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

ஜாக்கி விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். அச்சுக் குழாய்க்கு அடியில் கொடுத்தால் வளைந்துவிடும். டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் கொடுங்கள். ஸ்டாண்டு வைக்காமல், மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரம் மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி சக்கர நட்டுகளைச் சரிபாருங்கள். நாங்கள் விச்சிட்டா ஃபால்ஸில் பெட்ரோல் போட நிறுத்தினால் மகள் வெப்பமானியோடு இறங்கி நாலு ஹப்பையும் அளந்து நோட்டில் எழுதிவிடுவாள். ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் அங்கேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

நண்பர் சனிக்கிழமை டிரெய்லரோடு வருகிறார். ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது. சீல், கிரீஸ், காட்டர் பின் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அவரும் புதிதாக ஒரு பேட்டரி கிரீஸ் கன் வாங்கியிருக்கிறாராம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.